மாயாவதி: விபுலானந்த அடிகளார் இருந்த இமயமலை மடத்தைப் பற்றிக் கதைப்போம்

கல்லடிக்கரை:
அடிகளாரைப் பற்றி இங்கே நிறைய எழுதியாயிற்று. காரைதீவில் பிறந்தது, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டம், லண்டன் பி.எஸ்ஸி., 1929 இல் சிவானந்த வித்தியாலயம், அண்ணாமலையிலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர், 1947 இல் யாழ் நூல். மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போன எவரும் இதை நித்திரையிலும் சொல்வார்கள். ஆனால் 1940 ஐ ஒட்டிய காலத்தில் அவர் இமயமலையில், மாயாவதி அத்வைத ஆசிரமத்தில் (அத்வைதம் என்றால் இறைவனும் உயிரும் ஒன்றே என்ற நெறி) இருந்துகொண்டு பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தார் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிக்கு மேல் போவதில்லை.

அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. மாயாவதி இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், சம்பாவத் மாவட்டத்தில், லோகாகாட் என்ற சின்னப் பட்டணத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 6,400 அடி. தேவதாரு, ஓக் மரங்கள், மாரியில் பனி. வாவிக்கரையில் வளர்ந்த மனிதர் ஒருவர் அங்கே போய் மேசையில் உட்கார்ந்து மாதாமாதம் தலையங்கம் எழுதியிருக்கிறார். அது எப்படிப்பட்ட இடம்? யார் தொடங்கினார்கள்? அங்கே என்ன நடந்தது? ராமகிருஷ்ண மிஷன் எங்கள் ஊரில் செய்த வேலையை விளங்கிக்கொள்ள அந்த மலை மடத்தையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மட்டுநகர் ரீச்சர்:
நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள் தம்பி. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

1896 கோடையில் விவேகானந்தர் சுவிட்சர்லாந்தில் அல்ப்ஸ் மலைப் பக்கம் போயிருந்தார். கூடப் போனவர்கள் கப்டன் ஜேம்ஸ் ஹென்றி செவியர், அவருடைய மனைவி சார்லட் செவியர் என்ற ஆங்கிலத் தம்பதி. அந்த மலைகளைப் பார்த்தபோதுதான் இமயத்தில் ஒரு மடம் அமைய வேண்டும், கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வருகிறவர்கள் அங்கே ஒன்றாக இருக்க வேண்டும் என்று சுவாமி பேசினார். செவியர் தம்பதி அந்தப் பேச்சைத் தங்கள் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் இருந்ததை எல்லாம் முடித்துக்கொண்டு சுவாமியோடு கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பல் வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? கொழும்புத் துறைமுகத்தில், 1897 ஜனவரி 15. சுவாமி கண்டி, மாத்தளை, அனுராதபுரம், யாழ்ப்பாணம் என்று போன அந்தப் புகழ்பெற்ற பயணம் இதுதான். மாயாவதியைக் கட்டப் போகிற இரண்டு பேர் முதலில் கால் வைத்தது எங்கள் நாட்டு மண்ணில். இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

பிறகு அல்மோராவில் தங்கி இடம் தேடினார்கள். கிடைத்தது ஒரு பழைய தேயிலைத் தோட்டம். ஆசிரமம் 1899 மார்ச் 19, ராமகிருஷ்ணரின் பிறந்தநாளை ஒட்டித் தொடங்கியது. செவியர் தம்பதியோடு நின்று அதை நடத்தியவர் சுவாமி ஸ்வரூபானந்தர். பிரபுத்த பாரதத்தின் ஆசிரியரும் அவரே. கை அச்சு இயந்திரம் ஒன்றும் அவர்களோடு அந்த மலைக்குப் போனது. ரயில் வராத, வண்டிப் பாதையும் ஒழுங்காக இல்லாத மலையில் அச்சு இயந்திரம்! ஈய எழுத்துப் பெட்டிகளின் பாரம் அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெட்டியைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அதை மலைப்பாதையில் கொண்டுபோய், காட்டுக்குள் வைத்து, எழுத்துக் கோத்து, மாதம் தவறாமல் உலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வாவியோரம்:
தேயிலைத் தோட்டமா? அல்மோரா, மாயாவதி இருக்கிற குமாவுன் மலைப் பக்கமும் தேயிலை நட்டார்களா ரீச்சர்?

மட்டுநகர் ரீச்சர்:
ஓம். வெள்ளைக்காரர்கள் குமாவுனில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தேயிலை நட்டுப் பார்த்தார்கள். அசாம், டார்ஜிலிங் அளவுக்கு அங்கே எடுபடவில்லை. அதனால் கைவிட்ட தோட்டங்கள் விலைக்கு வந்தன.

கிழக்குக் காற்று:
குறை சொல்ல எழுதவில்லை, மனதில் இருப்பதைக் கேட்கிறேன். 1940 இல் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது? அம்பாறைப் பக்கம் காட்டோரக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்று எங்கள் அப்பப்பா சொல்வார். அப்படிப்பட்ட காலத்தில் அடிகளாரைப் போன்ற ஒரு கல்விமானை மிஷன் எங்கோ ஒரு மலைக்கு அனுப்பி ஆங்கிலப் பத்திரிகை நடத்தச் சொன்னது சரியா? அந்த உழைப்பு இங்கே வந்திருந்தால் இன்னும் எத்தனை பள்ளிக்கூடம் எழும்பியிருக்கும்? இதைக் கேட்காமல் மாயாவதியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கல்லடிக்கரை:
அண்ணன், கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கும் இது வந்து போனது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அவர் துறவி. 1922 இல் மயிலாப்பூர் மடத்தில் சேர்ந்தார், 1924 இல் ராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் சன்னியாசம் பெற்றார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரே அந்தக் குருவின் பெயர்தான். அதன்பிறகு எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை மடம் சொல்லும். மடத்தின் பிள்ளை என்பதால்தான் அவரால் இங்கே பள்ளிக்கூடங்களை மிஷன் பெயரில் நிறுத்த முடிந்தது. தனி மனிதராக இருந்திருந்தால் அவரோடு அவை முடிந்திருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இரண்டாவது, பிரபுத்த பாரதம் சும்மா ஒரு பத்திரிகை இல்லை. விவேகானந்தர் பெயரில் வந்த சிந்தனை உலகத்துக்குப் போன முக்கியமான வாசல்களில் ஒன்று அது. சுவாமியின் முழு நூற்றொகுதி முதலில் வெளிவந்ததும் மாயாவதியில் இருந்துதான், 1907 முதல் தொகுதி தொகுதியாக. அந்தக் கதிரையில் ஒரு காரைதீவுத் தமிழர் உட்கார்ந்தார் என்றால், எங்கள் மண்ணில் இருந்து ஒரு குரல் அந்த இடம் வரை போனது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்த காலம் வேறு. அந்த நேரத்தில் மனித ஒற்றுமை பற்றி உலகத்துக்கு எழுதுவது சின்ன வேலையா?

கிழக்குக் காற்று:
பள்ளிக்கூடக் கணக்கில் என் மனம் இன்னும் ஆறவில்லை தம்பி. ஆனால் மடத்துப் பிள்ளை என்றதால்தான் பள்ளிக்கூடங்கள் நின்றன என்ற பக்கத்தை நான் யோசிக்கவில்லை. அது சரியான கதை.

தாதி மகள்:
நான் அங்கே போய் வந்தவள். டெல்லியில் வேலை செய்கிற என் அண்ணனோடு போனேன். கதைக்கக் கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் தெரிவது அமைதி. எங்கள் ஊர்க் கல்லடி ராமகிருஷ்ண மிஷனுக்குப் போனால் பின்னேரம் ஆரத்தி, மணி, பஜனை, பிள்ளைகளின் சத்தம் எல்லாம் இருக்கும் அல்லவா? மாயாவதியில் அப்படி ஒன்றும் இல்லை. கோயில் இல்லை, படம் இல்லை, பூ இல்லை, கற்பூரம் இல்லை. இருந்து தியானம் செய்யலாம், வாசிக்கலாம், நடக்கலாம், வேலை செய்யலாம். மாட்டுத் தொழுவம் இருக்கிறது, மரக்கறித் தோட்டம் இருக்கிறது. வானம் தெளிந்த காலையில் பனிமலை வரிசை தெரியும். திரிசூல், நந்தாதேவி என்று சாமியார் ஒருவர் கை காட்டிச் சொன்னார்.

ஆனால் என் மனதில் நின்றது ஆஸ்பத்திரி. நான் ஆஸ்பத்திரியில் வளர்ந்த பிள்ளை, கண் அங்கேதான் போகும். 1903 இல் தொடங்கிய தரும ஆஸ்பத்திரி அது. இன்றைக்கும் காசு வாங்குவதில்லை. காலையில் வெளியே வாங்கில் மலைக்கிராமத்துப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள், கம்பளிக்குள் குழந்தை, காலில் பழைய சப்பாத்து. ஒரு கிழவி மகனின் முதுகில் ஏறி வந்திருந்தா. ஐந்தாறு மணித்தியாலம் நடந்து வருகிறவர்களும் உண்டு என்று அங்கே சொன்னார்கள். மருந்து கொடுக்கிற இடத்தில் எவரும் சமயம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, எங்கள் சாமியைக் கும்பிடு என்றும் சொல்லவில்லை. பெயர், ஊர், என்ன வருத்தம், அவ்வளவுதான்.

கப்டன் செவியர் அந்த மலையிலேயே 1900 ஒக்டோபர் 28 இல் காலமானார். ஆசிரமம் தொடங்கி இரண்டு வருடம் கூட ஆகவில்லை. மலைச்சனம் அவரைப் பிதாஜி என்றுதான் கூப்பிட்டார்களாம். அவருடைய விருப்பப்படி இந்து முறையில் தகனம் செய்தார்கள். அம்மையார் அங்கேயே தங்கினார். தனிமை, குளிர், தன் மொழி பேசுகிற பெண்துணையும் இல்லை. 1916 வரை மலையில் இருந்து வேலை செய்துவிட்டுத்தான் இங்கிலாந்து திரும்பினார். 1930 இல் மறைந்தார். எல்லோரும் சுவாமிகளைப் பற்றி எழுதுகிறோம். எனக்கு அந்த அம்மாவைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்று இருக்கிறது.

புளியந்தீவான்:
அக்கா எழுதியதை வாசித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மெதடிஸ்த குடும்பம்.

மட்டக்களப்புக்கும் இப்படி ஒருவர் வந்தார். வில்லியம் ஓல்ட். தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்தில் இருந்து புறப்பட்ட முதல் வெஸ்லியன் (மெதடிஸ்த) குழுவில் ஒருவர். கோக் நடுக்கடலில் 1814 மே 3 இல் இறந்துபோனார். ஓல்ட்டின் மனைவியும் அந்தப் பயணத்திலேயே இறந்தார். அவர்களைக் கடலில் அடக்கம் செய்துவிட்டுத்தான் மற்றவர்கள் ஜூன் கடைசியில் காலியில் இறங்கினார்கள். பிறகு ஆளுக்கோர் ஊர். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், கிளோ காலி, எர்ஸ்கின் மாத்தறை, ஓல்ட் தனியாக மட்டக்களப்பு. அந்த ஆண்டே இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். அதன் தொடர்ச்சிதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். ஒரு வருடம் கூட இங்கே இருக்கக் கிடைக்கவில்லை.

ஓல்ட் வந்தது கிறிஸ்துவைச் சொல்ல. செவியர் போனது அத்வைதம் சொல்ல. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் இரண்டு பேரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் அந்நியமான ஊரில் இறங்கி, உறவுகளைப் பறிகொடுத்த பிறகும் திரும்பிப் போகாமல், பள்ளிக்கூடமோ மருந்தோ அச்சுக்கூடமோ விட்டுப்போனவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அடிகளார் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர், பிறகு புனித மிக்கேல் கல்லூரி. அவர் மாயாவதிக்கு ஏற முன்னமே மிஷன் என்றால் என்ன என்று இந்த ஊரில் பார்த்து வளர்ந்தவர். இதையும் இந்த இழையில் பதிந்து வைக்க வேண்டும்.

வாவியோரம்:
புளியந்தீவான் அண்ணன், இது எனக்குப் புதிது. மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். தாதி மகள் அக்கா சொன்ன மாதிரி படமும் பூசையும் இல்லாத இடம் என்றால், பக்திப் பாட்டு எழுதிய அடிகளாருக்கு அது எப்படிப் பொருந்தியது? எங்கள் அம்மாவிடம் சொன்னேன், விளக்குக் கொளுத்தாத இடத்தில் சாமியார் எப்படி இருப்பார் என்று கேட்கிறா.

மட்டுநகர் ரீச்சர்:
அம்மாவின் கேள்வியில்தான் மாயாவதியின் முழுக் கதையும் இருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கே அந்தச் சிக்கல் வந்தது.

ஆசிரமத்தைத் தொடங்கும்போதே விவேகானந்தர் தெளிவாக எழுதிக்கொடுத்தார்: இங்கே ஒருமை ஒன்றே கற்பிக்கப்படும், கடைப்பிடிக்கப்படும், மற்ற நெறிகளோடு முழு அனுதாபம் உண்டு, ஆனால் இந்த ஓர் இடம் அத்வைதத்துக்கு மட்டும். கப்டன் செவியர் மறைந்ததைக் கேட்டு, அம்மையாருக்கு ஆறுதல் சொல்ல அவர் நேரே வந்தார். காத்கோதாமில் இறங்கி, பனிக்குள் மலையேறி, 1901 ஜனவரி 3 இல் சேர்ந்தார், 18 வரை இருந்தார். உடம்பும் நன்றாக இல்லை. வந்து பார்த்தால் ஓர் அறையில் ராமகிருஷ்ணர் படம் வைத்துப் பூசை நடக்கிறது. செய்தவர்கள் ஆசிரமத்துத் துறவிகள், அன்பால் செய்தவர்கள். சுவாமி அதை விரும்பவில்லை. ஆனால் உடனே எடுத்தெறி என்று கட்டளை போடவும் இல்லை. அவர்களே உணர்ந்து விட வேண்டும் என்று விட்டுவிட்டார். பிறகு பூசை நின்றது. ஒரு துறவிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை, ராமகிருஷ்ணரின் துணைவியார் அன்னை சாரதா தேவியாருக்கே எழுதிக் கேட்டார். குருதேவர் அத்வைதி, நீங்களும் அத்வைதிகள் என்ற பொருளில் அன்னை பதில் எழுதினார். அதோடு அந்தக் கதை முடிந்தது. ஊரில் வீட்டுச் சாமியறையில் இருந்து கும்பிட்டவரே அந்தப் பதிலை எழுதினார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி அடிகளார். சிவானந்தாவில் படித்த எந்தப் பிள்ளையும் பாடுகிற அந்தப் பாட்டை எடுங்கள். வெள்ளை நிற மல்லிகையா, வேறு எந்த மாமலரா இறைவன் அடிக்கு வாய்த்தது என்று கேட்டுவிட்டு, எந்தப் பூவும் இல்லை, உள்ளக் கமலம்தான் என்று சொல்கிறார். அடுத்தடுத்தும் எந்தப் பூ என்று இப்படியே கேட்டு, கூப்பிய கைதான் பூ, நோக்கும் விழிதான் பூ என்று சொல்கிறார். மாயாவதிக்காரர் ஐம்பது பக்கத்தில் எழுதுகிறதை நாலு அடியில் எழுதிய பாட்டு இது. பூ இல்லாத இடத்தில் இவர் எப்படி இருந்தார் என்று நாங்கள் கேட்கத் தேவையில்லை. அவர் போக முன்னமே மனதால் அங்கே இருந்தவர். அதே ஆள் ஊருக்கு வந்தால் கண்ணகி அம்மன் கோயிலடியில் ஊராரோடு நிற்பார். பெரியவர்களுக்கு இது முரண் இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், விளக்கு அங்கே உள்ளே எரிகிறது.

கிழக்குக் காற்று:
ரீச்சர், பாட்டைப் பற்றி எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். இத்தனை நாள் அதை வெறும் காலைப் பிரார்த்தனையாகத்தான் பாடியிருக்கிறார்கள்.

நூலகத் தம்பி:
தமிழுக்கும் மாயாவதிக்கும் உள்ள உறவு அடிகளாரோடு தொடங்கவில்லை. இதை எழுதத்தான் உள்ளே வந்தேன்.

பிரபுத்த பாரதம் பிறந்தது மலையில் இல்லை, சென்னையில். 1896 ஜூலை. முதல் ஆசிரியர் பி.ஆர். ராஜம் ஐயர். ஆமாம், கமலாம்பாள் சரித்திரம் எழுதிய அதே ராஜம் ஐயர். இருபத்தாறு வயதில், 1898 மே மாதம் இறந்துபோனார். இதழ் நின்றது. அதைத்தான் விவேகானந்தர் செவியர் தம்பதியின் உதவியோடு அல்மோராவில் ஆகஸ்டில் திரும்பத் தொடக்கினார், பிறகு அது மாயாவதிக்குப் போனது. ஒரு தமிழ் நாவலாசிரியர் தொடங்கி வைத்த இதழுக்கு நாற்பது சொச்சம் வருடம் கழித்து ஒரு மட்டக்களப்புத் தமிழர் ஆசிரியராகப் போகிறார்.

இன்னொன்று. சுவாமி 1901 ஜனவரியில் பனியில் அடைபட்டு மாயாவதியில் இருந்தபோது இதழுக்காகக் கட்டுரைகள் எழுதினார். அதில் ஒன்று ஆரியரும் தமிழரும் என்ற பொருளில். அந்த இமயமலைக் குளிரில் இருந்துகொண்டு தமிழரின் தொன்மையைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் தேடி வாசிக்க வேண்டிய கட்டுரை. எல்லா இடத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் வாசிக்க வேண்டும்.

யாழ் நூல் ஆராய்ச்சி ஏறக்குறைய 14 வருட உழைப்பு என்பார்கள். வெளிவந்தது 1947. கணக்குப் பார்த்தால் மாயாவதிக் காலம் அதன் நடுவில் விழுகிறது. கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் நீரர மகளிர் (நீர்த் தேவதைகள்) இசையைப் பாடியவர், பழந்தமிழ் யாழின் சுருதியைக் கணிதத்தால் மீட்டெடுத்தவர், அந்த நினைப்போடுதான் மலையில் இருந்திருப்பார் என்று நம்புகிறேன். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ், விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதை போன்றவர்கள் வந்து தங்கிய இடம் அது. அறிவியலும் ஆன்மீகமும் ஒரே மேசையில் இருந்த இடம். பௌதிகம் படித்த பண்டிதருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

கல்லடிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். அடிகளார் ஆசிரியராக இருந்த காலத்து பிரபுத்த பாரதத் தலையங்கங்களை நான் தமிழில் இன்னும் பார்க்கவில்லை. அவர் விவேகானந்தரைத் தமிழுக்குத் தந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதியதை நாங்கள் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாமா? பழைய இதழ்கள் மின்வடிவில் இருக்கின்றன என்று கேள்வி. நூலகத் தம்பி, உறுதியா?

நூலகத் தம்பி:
உறுதி அண்ணன். 1896 இல் இருந்து வந்த பழைய இதழ்களை அத்வைத ஆசிரமமே மின்வடிவில் தொகுத்திருக்கிறது. பெரும்பாலும் தலையங்கத்தில் பெயர் போட மாட்டார்கள், ஆனால் அவருடைய கால இதழ்களை எடுத்துக்கொண்டால் போதும். முதல் வேலையாகத் தலைப்புகளை வரிசைப்படுத்தி இங்கே போடுகிறேன்.

மட்டுநகர் ரீச்சர்:
மொழிபெயர்ப்பில் நான் சேர்கிறேன். வேதாந்தச் சொற்கள் வரும் இடத்தில் கல்லடி மிஷன் சுவாமிகளிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். எனக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற தமிழ்தான் வேண்டும்.

கிழக்குக் காற்று:
என்னையும் போடுங்கள். தட்டச்சு வேலை என் மகள் செய்வாள். கல்வியைப் பற்றி அவர் எழுதியது ஏதும் இருந்தால் அதை முதலில் எடுங்கள்.

வாவியோரம்:
தாதி மகள் அக்கா, போக விரும்புகிறவர்களுக்கு வழி சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

தாதி மகள்:
போகலாம். டெல்லியில் இருந்து டனக்பூருக்கு ரயில் இருக்கிறது, அதுதான் பக்கத்து நிலையம். அங்கிருந்து ஜீப்பிலோ பஸ்ஸிலோ சம்பாவத் வழியாக லோகாகாட். மலைவீதி முழுக்க வளைவு, அம்மாவுக்கு வாந்திக் குளிசை கையில் இருக்கட்டும். லோகாகாட்டில் இருந்து மாயாவதி ஒன்பது கிலோமீற்றர் போல வரும். தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே ஆசிரமத்துக்கு எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும், நேரே போய் நிற்கக் கூடாது. மாரிப் பனிக்கும் மழைக் காலத்து மண்சரிவுக்கும் விலகி, பங்குனி சித்திரையிலோ ஐப்பசியிலோ போவது நல்லது. கம்பளிச் சட்டை குறைந்தது இரண்டு எடுங்கள். மட்டக்களப்பில் விற்கிற மெல்லிய ஸ்வெட்டர் அங்கே காணாது.